வாழைச்சேனைக் கறுப்பு நீரும் வவுணதீவுக் கைபேசியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டி மேற்கே இறங்கினால் வவுணதீவு. வாவியில் சூரியன் படும் பக்கம் என்பதால் இது படுவான்கரை. மண்முனை மேற்குப் பிரதேச செயலகம் இங்கேதான் இருக்கிறது. அதற்கப்பால் ஆயித்தியமலை, உன்னிச்சை என்று விரிந்து போகும் நிலமெல்லாம் வயல். பெரும்போக அறுவடை முடிந்து இயந்திரங்கள் போன பிறகு இந்த வட்டைகளில் வைக்கோல் குவிந்து கிடக்கும். கொஞ்சத்தை மாடு தின்னும், கொஞ்சம் உக்கும், மீதி எரியும். இந்த மாவட்டத்தில் ஒரு காலத்தில் வைக்கோல்தான் கடதாசியானது என்பதை இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை.

கடதாசியைக் கைவிட்டுத் திரைக்கு மாறுங்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள் என்ற அறிவுரை இப்போது எங்கும் கேட்கிறது. வங்கி சொல்கிறது, தொலைபேசி நிறுவனம் சொல்கிறது, பாடசாலைச் சுற்றாடல் தினப் பேச்சில் பிள்ளைகளும் சொல்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தவரால் இதை அவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட முடியாது. நாம் மரமே வெட்டாமல் கடதாசி செய்தவர்கள். அதற்கான விலையை நீரில் கொடுத்தவர்களும் நாம்தான். அந்தக் கதையை ஒழுங்காகச் சொன்னால்தான் கடதாசிக்கும் திரைக்கும் இடையிலான வழக்கை நேர்மையாகத் தீர்க்கலாம்.

ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மூன்று பெரும் ஆலைகளுக்கு வழி பிறந்தது: காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் கடதாசி. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ள வாழைச்சேனையில் 1956இல் உற்பத்தி தொடங்கியது. இலங்கையின் முதல் கடதாசி ஆலை அதுவே. அதற்கு இலுக்குப் புல்லும் வைக்கோலும் மூலப்பொருளாயின. வயலில் நெல்லை எடுத்த பிறகு மிஞ்சுவதைக் கொண்டு பிள்ளைகளின் கொப்பிக்குத் தாள் செய்யலாம் என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய நம்பிக்கையாக இருந்திருக்கும்! சுற்றாடல் என்ற சொல்லே அரசாங்கக் கோப்புகளில் நுழையாத காலத்தில், இன்று உலகம் புகழும் 'கழிவிலிருந்து பொருள்' என்ற கருத்தை இந்தக் கரை செய்து காட்டியது.

ஆனால் வைக்கோலில் ஒரு வில்லங்கம் இருந்தது. மரமோ வைக்கோலோ, எதிலிருந்து கூழ் எடுத்தாலும் நார்களை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளைக் கரைத்து அகற்ற வேண்டும். எரிசோடாவில் வேக வைப்பது அதற்கு ஒரு வழி. வெந்த பிறகு நார் ஒரு பக்கமும் கறுப்பு நீர் ஒரு பக்கமுமாகப் பிரியும். மரக்கூழ் ஆலைகள் இந்தக் கறுப்பு நீரைச் சுண்டக் காய்ச்சி உலையில் எரிக்கின்றன. அந்த வெப்பத்தில் ஆலை ஓடுகிறது, இரசாயனமும் திரும்பக் கிடைக்கிறது. வைக்கோலில் இது எளிதில் கைகூடாது. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கிறது. நெல்லிலை கையைக் கீறுவதற்குக் காரணமும் அதுதான். அந்தச் சிலிக்கா கறுப்பு நீரில் கலந்து, காய்ச்சும் குழாய்களில் கல்லாகப் படிந்து அடைக்கும். மீட்க முடியாத கறுப்பு நீர் போகக்கூடிய இடம் பக்கத்து நீர்நிலைதான். வாழைச்சேனையில் அது வாவிக்குப் போனது. கறுப்பு நீரின் கரிமப் பொருள் சிதையும்போது நீரில் கரைந்துள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறும். கூழை வெளுக்கக் குளோரீன் சேர்த்தால் கேடு இன்னும் கூடும்.

வைக்கோலை நம்பிய ஊர்கள் பலவற்றின் கதை இது. எம்பிலிப்பிட்டியில் பின்னர் எழுந்த ஆலையின் கழிவால் வளவை கங்கை பாதிக்கப்பட்டது. சீனா 1996இல், ஆண்டுக்கு ஐயாயிரம் தொன்னுக்குக் குறைவாகச் செய்துவந்த சிறு கூழ் ஆலைகளை ஆணையிட்டு மூடியது. அவற்றில் ஏராளமானவை வைக்கோல் ஆலைகள். தமிழ்நாடு வேறு வழியில் போனது. கரூர் மாவட்டத்துக் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1984 முதல் கரும்புச் சக்கையில் தாள் செய்கிறது. சக்கையில் சிலிக்கா குறைவு என்பதால் இரசாயனத்தை மீட்க முடிகிறது. ஆனால் அந்தச் சக்கை சீனி ஆலைகளின் அடுப்புக்கு விறகாக இருந்தது. அதை வாங்குவதற்கு ஈடாகச் சீனி ஆலைகளுக்கு எரிபொருளோ நீராவியோ கொடுக்க வேண்டியிருந்தது. அதன் பின்னால் நிலக்கரி நின்றது. மரம் தப்பியது உண்மை. அந்தப் பாரத்தில் ஒரு பங்கு வேறொரு தோளுக்கு மாறியது என்பதும் உண்மை.

வைக்கோலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அதை வவுணதீவு விவசாயி நன்றாக அறிவார். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு தானியத்துக்குப் போகாமல் வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு தொன் வைக்கோலில் சுமார் 15 கிலோ இருக்கும். வைக்கோலை வண்டியில் ஏற்றி ஆலைக்கு அனுப்பினால் வயலின் உரமும் கூடவே போகும். அதை எரித்தால் பொட்டாசியத்தின் பெரும்பகுதி சாம்பலாய் மிஞ்சும், ஆனால் நைதரசன் புகையோடு போய்விடும். வெள்ளம் நிற்கும் வயலில் பச்சையாய் உழுது விட்டால் மெத்தேன் கிளம்பும். 2021 மேயில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, எரித்துத் தீர்த்த வைக்கோலின் அருமை படுவான்கரைக்கு ஒரே போகத்தில் விளங்கிவிட்டது. கடதாசியின் சூழல் விலையை மரத்தின் எண்ணிக்கையில் மட்டும் அளப்பவர்கள் இந்த மண்ணின் பங்கை ஒருபோதும் எழுதுவதில்லை.

யுத்த காலத்தில் வாழைச்சேனை ஆலை தளர்ந்தது, பிறகு நின்றது. அண்மை ஆண்டுகளில் அதை மீண்டும் ஓட வைக்க எடுத்த முயற்சிகள் வைக்கோலை விட்டுக் கழிவுக் கடதாசியை நம்பியிருக்கின்றன. அது சரியான பாதை என்றே நினைக்கிறேன். ஆலை நின்ற பிறகு நம் தாள் கப்பலில் வந்தது. உலகச் சந்தைக்குத் தாள் அனுப்பும் பெரிய நாடுகளில் ஒன்று இந்தோனேசியா. அதன் சுமாத்திராத் தீவில் கூழுக்காக நடப்படும் அக்கேசியாத் தோட்டங்களில் ஒரு பகுதி, சதுப்பு நிலத்தின் நீரை வடித்து உருவாக்கப்பட்டது. வடிந்த கரிச்சேற்று நிலம் காய்ந்தால் தீப்பிடிக்கும். 2015இல் அந்தத் தீவின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. வாழைச்சேனையின் கறுப்பு நீரை நாம் கண்ணால் கண்டோம், மூக்கால் அறிந்தோம், ஆலையைக் குற்றம் சொன்னோம். வெளிநாட்டுத் தாளின் அழுக்கு நம் வாவியில் கலக்காததால் அது சுத்தமான தாள் என்று நம்பிவிட்டோம். ஒரு A4 தாளுக்குப் பின்னால், மரம் வளர்த்த நீரையும் சேர்த்தால், 2 முதல் 13 லீற்றர் வரை தண்ணீர் இருக்கிறது என்று நெதர்லாந்தின் ஹூக்ஸ்ட்ராவும் வான் ஓலும் கணக்கிட்டார்கள். அந்தத் தண்ணீர் இப்போது வேறொருவருடைய கிணற்றிலிருந்து வருகிறது.

2022 மார்ச் மாதத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தாளும் மையும் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. 'த ஐலண்ட்', 'திவயின' ஆகிய நாளேடுகள் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. கடதாசி போனால் என்ன, திரை இருக்கிறதே என்று யாராவது ஆறுதல் சொல்லியிருந்தால், அதே மாதக் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. தாளும் திரையும் ஒரே நேரத்தில் கைவிட்டன. இரண்டுமே கப்பலில் வருபவை என்பதுதான் காரணம்: ஒன்று தாளாக, மற்றது எரிபொருளாகவும் கருவியாகவும். டிஜிட்டல் என்றதும் பருப்பொருள் இல்லாத ஏதோ ஒன்று என்று மனம் எண்ணிக்கொள்கிறது. அதற்கும் சுரங்கம் வேண்டும், உலை வேண்டும், கப்பல் வேண்டும்.

அந்தப் பருப்பொருளைச் சிறிது எடை போட்டுப் பார்ப்போம். ஒரு திறன்பேசி அதன் வாழ்நாளில் வெளியிடும் கரியமிலம் வகைக்கு வகை மாறினாலும் 60 கிலோ அளவில் வைக்கலாம். அதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, பெட்டியைத் திறக்கும் முன்பே, தயாரிப்பில் வெளியாகிவிடுகிறது. கடதாசிக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு கிலோ கரியமிலம் என்பது தோராயமான அளவு. ஆலைக்கு ஆலை கூடிக் குறையும். ஒரு A4 தாள் 5 கிராம். ஆக, ஒரு திறன்பேசியின் கரியமிலக் கணக்கில் பன்னிரண்டாயிரம் தாள்கள் அடங்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொப்பியும் பாடநூலுமாக ஆண்டுக்குப் பத்துக் கிலோ கடதாசி பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடதாசியை ஒழிப்பதற்காக மட்டும் புதிதாக ஒரு திறன்பேசி வாங்கினால், அது ஆறு ஆண்டு முழுதாக உழைத்த பிறகுதான் கணக்கு சமமாகும். நம் கைபேசிகள் எத்தனை ஆண்டு உழைக்கின்றன? இரண்டு, மூன்று. திரை உடைந்தால் அதை மாற்றும் செலவுக்குப் பேசாமல் புதிதே வாங்கலாம் என்று கடைக்காரரே சொல்லும் காலம் இது.

இதே கணக்கை மறுபக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கைபேசி இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள மகளோடு பேச, நெல்விலை கேட்க, அவசரத்துக்கு ஓட்டோ கூப்பிட அது எப்படியும் இருக்கத்தான் போகிறது. அதில் ஒரு வினாத்தாளைத் திறந்து படிப்பதால் கூடும் சுமை மிகச் சிறியது. ஓர் ஆண்டு முழுவதும் கைபேசிக்கு மின்னேற்றினாலே சில அலகு மின்சாரம்தான். அங்கே திரை சந்தேகத்துக்கு இடமின்றி வெல்கிறது. ஒரே கருவி, ஒரே வினாத்தாள். வாங்கியதா, ஏற்கெனவே இருந்ததா என்பதில் தீர்ப்பு மாறிவிடுகிறது. வீடியோவுக்குக் கணக்கு வேறு. ஒரு மணி நேரம் இணையத்தில் படம் பார்ப்பதற்கு ஐரோப்பாவில் சுமார் 55 கிராம் கரியமிலம் என்று கார்பன் டிரஸ்ட் 2021இல் மதிப்பிட்டது. பதினொரு தாளுக்குச் சமம். பயப்படும் அளவு இல்லை, ஆனால் தாளை மிச்சம் பிடித்தோம் என்று சொல்லிக்கொண்டு நாளுக்கு நான்கு மணி நேரம் பார்ப்பவர் எதையும் மிச்சம் பிடிக்கவில்லை.

கொரோனாக் காலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பாடக்குறிப்பும் பயிற்சியும் அனுப்பினார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. படுவான்கரையில் ஒரு கைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். தகப்பன் வேலைக்குப் போனால் கைபேசியும் போகும். ஆகவே தாய்மார் அந்தக் கோப்பைப் போட்டோக் கொப்பிக் கடைக்குக் கொண்டு போய் அச்செடுத்தார்கள். படிப்புக்கென்று கடன்பட்டுக் கைபேசி வாங்கிய வீடுகளும் இருந்தன. கருவியும் வந்தது, தாளும் செலவானது. கடதாசியையும் திரையையும் எதிரெதிரே நிறுத்தும் ஒப்பீடுகள் இதைப் பார்க்கத் தவறுகின்றன. நடைமுறையில் திரை கடதாசியின் இடத்தைப் பிடிப்பதில்லை. அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, அதை அச்செடுத்து, அடையாள அட்டைப் பிரதியோடு மூன்று படிவங்களாகக் கொண்டுவரச் சொல்லும் அலுவலகத்துக்குப் போகாதவர் நம்மில் எவர்?

கைபேசிக்கு ஏறும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்க வேண்டியது. மழை நன்றாகப் பெய்தால் மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் தரும். மற்றதில் பெரும்பங்கு நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையத்தில் எரியும் இறக்குமதி நிலக்கரியும் எண்ணெயும். கிழக்கிலும் ஒரு நிலக்கரி நிலையம் வர இருந்தது. சம்பூர் மக்களின் நிலம், கடல், மூச்சு எல்லாம் அந்தத் திட்டத்தின் பணயமாக இருந்தன. 2016இல் அது கைவிடப்பட்டது பெரும் ஆறுதல். ஆனால் நாம் திறக்கும் பக்கம் நம் நாட்டு மின்சாரத்தில் மட்டும் ஓடுவதில்லை. உலகத் தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் தின்றன என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. இலங்கை முழுதும் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தின் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்கு அது. 2030க்குள் அது இரண்டு மடங்குக்கு மேலாகக்கூடும் என்பது அந்த முகமையின் கணிப்பு.

பழைய கடதாசிக்கு நம் ஊரில் ஒரு மரியாதையான மறுவாழ்வு இருந்தது. எழுதித் தீர்ந்த கொப்பி கச்சான் கடைக்குப் போய்ச் சரையாகும். நாளேடு அலுமாரித் தட்டுக்கு விரிப்பாகும், பிறகு அடுப்பு மூட்டும். மிஞ்சினது மழையில் நனைந்தால் மண்ணாகும். மை கெடுதல் என்பதால் எண்ணெய்ப் பண்டத்தை அச்சுத்தாளில் சுற்றுவது நல்லதல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். பழுதான கைபேசிக்கு இப்படி எதுவும் இல்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும், பிறகு பழைய இரும்பு வாங்குபவரிடம் போகும், இல்லையேல் குப்பையோடு எரியும். பழைய கருவிகளின் பற்றாசில் ஈயம் இருக்கும். பற்றரியில் கோபால்ட் இருக்கும், உலகக் கோபால்ட்டில் ஏறக்குறைய எழுபது சதவீதம் கொங்கோவின் சுரங்கங்களில் தோண்டப்படுவது. 2022இல் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்தது, அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மீளெடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. வவுணதீவில் ஒரு மூட்டை பழைய கொப்பியை வாங்க ஆள் வருவார். ஒரு பெட்டி பழைய பற்றரியை முறையாக ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்கும் குரலே நம்மிடம் இன்னும் எழவில்லை.

இவ்வளவு சொன்னதால் திரைக்கு எதிராக எழுதுகிறேன் என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் கரையின் எழுத்து நீரோடும் காற்றோடும் போராடியது. கூத்து ஏடுகளும் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடும் ஏடுகளும் ஓலையில் இருந்தவை. செல்லுக்கும் ஈரத்துக்கும் பயந்து தலைமுறைக்கு ஒருமுறை படியெடுத்துக் காக்கப்பட்டவை. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியில் மட்டக்களப்பில் கூரை போன வீடுகளின் புத்தகங்களும் பத்திரங்களும் நனைந்து கூழாயின. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில், வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் வீடுகள் ஆவணங்களோடு போயின. 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை நாள்கணக்காகத் தண்ணீரில் நின்றது. கடதாசி மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஒளிவருடி உலகமெங்கும் படிக்கத் தருகிறது. ஒரு நூலை ஒருமுறை ஒளிவருடினால் ஆயிரம் பேர் படிப்பார்கள். ஆயிரம் பிரதி அச்சிட்டு, கப்பலிலும் விமானத்திலும் அனுப்ப வேண்டியதில்லை. பலர் படிக்கும் அரிய ஆவணத்துக்குத் திரையே நல்லது, அதில் எனக்கு ஐயமில்லை.

பிள்ளை நாள்தோறும் எழுதும் கொப்பிக்கும், அக்காவிடமிருந்து தம்பிக்கும் அவனிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் போகும் பாடநூலுக்கும் கடதாசியே நல்லது. 1980 முதல் அரசு இலவசமாகத் தரும் பாடநூலை மூன்று பிள்ளைகள் படித்தால் அதன் சூழல் விலை மூன்றில் ஒன்றாகிறது. எந்தக் கைபேசியாலும் இந்தக் கணக்கை எளிதில் வெல்ல முடியாது. வீட்டில் உள்ள கைபேசி இரண்டு ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு உழைத்தால், தாளைக் குறைப்பதால் வரும் பலனைவிடப் பெரிய பலன் அதிலேயே கிடைக்கும். கேடு மிகப் பெரிதாவது, இரண்டையும் ஒரே வேலைக்கு ஒருங்கே செலவழிக்கும்போதுதான்.

ஆகவே படுவான்கரை வாசகரிடம் என் வேண்டுகோள் இரண்டு. கிராமத்துக்கு ஓர் இடத்தில், பாடசாலையிலோ கூட்டுறவுக் கடையிலோ, பழைய கைபேசியும் பற்றரியும் போட ஒரு பெட்டி வைக்கும்படியும் அதை ஒழுங்காக எடுத்துச் செல்லும்படியும் பிரதேச சபையைக் கேளுங்கள். இணையத்தில் ஒருமுறை நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தை அச்செடுத்து வரச் சொல்லும் அலுவலகத்தில், அந்தப் பிரதி எந்தக் கோப்புக்கு, யார் படிப்பதற்கு என்று அடக்கமாகக் கேளுங்கள். பதில் கிடைக்கும் வரை போட்டோக் கொப்பிக் கடைக்குப் போகாதீர்கள்.